ஊவாத் தேயிலையின் பருவமும் சுவைஞரின் சொற்களும்

இலங்கையின் கிழக்குக் கரையில் வருடத்தின் நடுப்பகுதியில் வீசுவது கச்சான் காற்று. பாலமுனை, ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஊர்களுக்கு அது வெக்கையையும் புழுதியையும் கொண்டுவரும். கிணறுகளின் நீர்மட்டம் இறங்கும். சிறுபோக வயல்கள் வாய்க்கால் நீரை மட்டுமே நம்பியிருக்கும். இந்தக் காற்று கரையை வந்தடையுமுன் மேற்கே நேர்கோட்டில் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பதுளை மாவட்டத்து மலைச்சரிவுகளைக் கடந்து வருகிறது. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரையான காலத்தில், அதன் உலர்ந்த வீச்சில் நின்ற செடிகளிலிருந்து பறித்த கொழுந்தே ஊவாப் பருவத் தேயிலையாகிறது. உலகில் மிகச் சில தேயிலைகளே இவ்வளவு துல்லியமாக ஓர் இடத்தையும் சில வாரங்களையும் தம் வாசனையில் காட்டுகின்றன.

தென்மேற்குப் பருவக்காற்று இந்துமாக்கடலின் ஈரத்தைச் சுமந்து இலங்கையின் மேற்குச் சரிவில் ஏறுகிறது. ஏறும் காற்று குளிர்ந்து, ஈரம் மழையாகக் கொட்டுகிறது. மத்திய மலைத்தொடரின் முகட்டைத் தாண்டும்போது அந்தக் காற்றில் ஈரம் சொற்பமே மிஞ்சியிருக்கும். கிழக்கே இறங்கும்போது அது அழுத்தப்பட்டு, ஒவ்வொரு கிலோமீட்டர் இறக்கத்துக்கும் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் சூடேறுகிறது. ஏறும்போது அது இழந்த வெப்பம் இதைவிடக் குறைவு. மேகம் உருவாகும்போது நீராவி வெளியிடும் மறைவெப்பம் குளிர்ச்சியை மட்டுப்படுத்திவிடுவதே இதற்குக் காரணம். ஆகவே முகட்டின் இருபுறமும் ஒரே உயரத்தில் உள்ள இரண்டு தோட்டங்களில், மேற்கே இருப்பது மழையில் நனையும்போது கிழக்கே இருப்பது சூடான உலர்காற்றில் காயும். அப்புத்தளை, எல்ல போன்ற மலை இடைவெளிகள் இந்தக் காற்றை ஒடுக்கி வேகப்படுத்தி ஊவாப் பள்ளத்தாக்குக்குள் விடுகின்றன. பகலில் வெயிலும் காற்றும், இரவில் மலைக் குளிரும் மாறிமாறி வரும் அந்த வாரங்களே தேயிலைச் செடிக்குச் சோதனைக் காலம்.

சோதனைக்கு உள்ளான செடி மெதுவாக வளர்கிறது. கொழுந்து சிறுத்து, இலையில் நீர் குறைந்து, வேதிப்பொருள்கள் செறிகின்றன. இவற்றுள் ஊவாவின் அடையாளமாகக் கருதப்படுவது மெத்தில் சாலிசிலேட். மூட்டுவலிக்குப் பூசும் தைலங்களின் மூக்கைத் துளைக்கும் வாசனையும் இதே பொருளுடையதுதான். தைலத்தில் அது நெடியாக அடிக்கிறது. தேநீரில் மிகச் சிறிய அளவில், பூவாசனை தரும் லினலூலுடன் கலந்து, தொண்டைவரை இறங்கும் ஒரு குளிர்ச்சியாகப் புலப்படுகிறது. ஜப்பானின் ஒச்சனோமிசு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேதியியலாளர் டெய் யமனிஷி, தேயிலை வாசனையின் கூறுகளைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர். ஊவாத் தேயிலையின் வாசனையும் அவருடைய ஆய்வுப் பொருள்களில் ஒன்று. செடியைப் பொறுத்தவரை மெத்தில் சாலிசிலேட் மனிதருக்கான நறுமணமன்று. நோய்த் தாக்கத்துக்கு உள்ளான புகையிலைச் செடி இதைக் காற்றில் வெளியிட, அருகிலுள்ள நலமான செடிகளும் தம் எதிர்ப்பைத் தூண்டிக்கொள்வதை 1997 இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. தாவரம் இடருக்கு விடுக்கும் எச்சரிக்கையையே மனிதர் கோப்பையில் சுவையாக அருந்துகின்றனர்.

பச்சைக் கொழுந்தைக் கசக்காமல் முகர்ந்தால் இந்த வாசனை தெரியாது. லினலூல், ஜெரானியோல், மெத்தில் சாலிசிலேட் முதலியவை இலைக்குள் சர்க்கரை மூலக்கூறுகளோடு பிணைந்து, ஆவியாக முடியாத நிலையில் இருக்கின்றன. அந்தப் பிணைப்பை அறுக்கும் நொதியம் இலையில் வேறோர் இடத்தில் இருக்கிறது. தொழிற்சாலையில் இலையை உருட்டி நசுக்கும்போது இரண்டும் சந்திக்கின்றன, வாசனை விடுபடுகிறது. அதே நசுக்கலில் இலையிலுள்ள காட்டெகின்கள் காற்றின் ஒட்சிசனுடன் வினைபுரியத் தொடங்குகின்றன; தொழிலில் இதையே நொதித்தல் என்பர். முதலில் தோன்றுவது தியாஃபிளேவின். அது தேநீருக்குப் பொன்சிவப்பு ஒளியையும் நாக்கைச் சுண்டும் துடிப்பையும் தருகிறது. நேரம் செல்லச்செல்ல அது குறைந்து தியாரூபிகின் மிகுகிறது. நிறம் அடர்ந்து, கனம் கூடி, துடிப்பு மங்குகிறது. உலர்ந்த தேயிலையின் நிறையில் தியாஃபிளேவின் பெரும்பாலும் 2 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. தியாரூபிகின் அதைப்போலப் பல மடங்கு இருக்கும். இந்த இரண்டின் விகிதத்தை எந்த நிமிடத்தில் நிறுத்துவது என்பதே தேயிலை செய்வோரின் கலை. நொதிக்கவைத்த தூளை உலர்த்தியில் இட்டு, நொதியங்களைச் சூட்டால் செயலிழக்கச் செய்து, ஈரத்தை ஏறத்தாழ 3 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் அந்த நிமிடம் உறைந்துவிடும்.

ஊவாப் பருவத்தில் காற்றே உலர்ந்திருப்பதால் வாட்டும் தட்டுகளில் இலை விரைவாகவும் நன்றாகவும் வாடுகிறது. அந்த நாட்களில் நொதித்தலைச் சுருக்கி, வாசனையைக் காப்பாற்றுவதற்காக நிறத்தில் சிறிது விட்டுக்கொடுப்பதும் உண்டு. மழைநாள் இலையை வைத்துக்கொண்டு எவ்வளவு திறமையாகச் செய்தாலும் இந்தச் சுவை வராது. சில வருடங்களில் காற்று தாமதிக்கிறது, அல்லது இடையில் மழை வந்து விழுகிறது. அப்போது பருவம் சில நாட்களோடு முடிந்துபோகும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வாசனை உச்சத்துக்குப் போகும் அதே வாரங்களில் கொழுந்து குறைகிறது. கிலோக் கணக்கில் நிறை காட்ட வேண்டிய மலையகத் தமிழ்ப் பெண்களுக்கு அவை கூடையை நிரப்பக் கடினமான நாட்கள். ஏலத்தில் கிடைக்கும் உயர்ந்த விலையைப் பற்றி எழுதும்போதெல்லாம் இந்தப் பக்கமும் எழுதப்பட வேண்டும்.

மேற்கு மலைகளுக்கும் ஒரு பருவம் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை வடகீழ்ப் பருவக்காற்றின் உலர்ந்த பக்கம் டிம்புளவுக்கும் நுவரெலியாவுக்கும் கிடைக்கிறது. அங்கே மெத்தில் சாலிசிலேட்டின் குளிர்ச்சி இவ்வளவு முனைப்பாக இராது; மென்மையான பூவாசனையே மேலோங்கும்.

கொழும்பில் தேயிலை ஏலம் 1883 ஜூலையில் தொடங்கியது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட 1867 இலிருந்து அது 16 ஆண்டுகள் மட்டுமே. ஏலத்துக்கு முன் ஒவ்வொரு தொகுதியின் மாதிரியும் தரகர்களின் சுவையறைக்கும், வாங்குவோரின் சுவையறைகளுக்கும் போகிறது. நீளமான மேசை, வடக்கு நோக்கிய வெளிச்சம், வெண்பீங்கான் குவளைகள், கிண்ணங்கள் என்பவையே அங்குள்ள கருவிகள். சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு 1980 இல் வெளியிட்ட ஐ.எஸ்.ஓ. 3103 என்ற தரம் இதை இன்னும் இறுக்கமாகச் சொல்கிறது: 100 மில்லிலீட்டர் நீருக்கு 2 கிராம் தேயிலை, கொதித்த நீர், 6 நிமிடம். குடிப்பதற்கு இது மிகக் கடுமையான சாயம். குறைகளை ஒளிய விடாமல் வெளியே இழுப்பதற்காகவே இந்தக் கடுமை.

தேயிலைச் சுவைஞர் முதலில் பார்ப்பது உலர்ந்த இலையை; அதன் பின் மூடியில் கொட்டிய ஊறிய சக்கையை. சக்கை புதிய செப்புக்காசின் நிறத்தில் மின்னினால் நல்ல அறிகுறி. பச்சை தட்டினால் நொதித்தல் போதவில்லை. கறுத்துக் கிடந்தால் மிஞ்சிவிட்டது. அதன் பின்னரே கரண்டியால் அள்ளி, ஓசை எழ உறிஞ்சுகிறார். பந்தியில் அப்படி உறிஞ்சினால் பெரியவர்கள் கண்டிப்பார்கள். சுவையறையில் அதற்கு உடலியல் காரணம் உண்டு. நாக்கு உணர்வது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி என்ற ஐந்தையே. துவர்ப்பு வாயின் தோலில் உணரப்படும் இறுக்கம். மற்ற யாவும் மூக்கின் வேலை. வேகமாக உறிஞ்சும்போது திரவம் நுண்துளிகளாகச் சிதறி, வாசனை மூலக்கூறுகள் தொண்டையின் பின்வழியாக மூக்கின் மேற்கூரையை எட்டுகின்றன. தடிமல் பிடித்த நாளில் பிளேன்டீ வெறும் சுடுநீராகத் தெரிவதற்கும் இந்தப் பாதை அடைபடுவதே காரணம். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான கிண்ணங்களைச் சுவைக்கும் இவர்கள் எதையும் விழுங்குவதில்லை, துப்பிவிடுகிறார்கள்.

சுவைஞர்கள் பயன்படுத்தும் சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலேயர் காலத்துத் தொழிற்சொற்கள். கொழும்பில் இன்றும் அவையே வழக்கு. 'பிரிஸ்க்' என்றால் வாயைச் சுண்டி விழிக்கச் செய்யும் துடிப்பு. தியாஃபிளேவினும் கஃபீனும் சேர்ந்து தருவது அது. 'பிரைட்' ஒளிரும் சாயம். 'பாடி' வாயில் உணரும் கனம். நல்ல கனமுள்ள தேநீர் ஆறும்போது பால் விட்டதுபோல் மங்கும். கஃபீனும் தியாஃபிளேவின் வகைகளும் பிணைந்து திரள்வதால் வரும் இந்த மங்கலைச் சுவைஞர்கள் 'கிரீம்' என்று மகிழ்ச்சியோடு குறித்துக்கொள்வார்கள். ஆறிய தேத்தண்ணி கலங்கினால் பழுதாகிவிட்டது என்று கொட்டிவிடுவோர் அறிய வேண்டியது இது.

குறைகளுக்கான சொற்களே இந்த அகராதியின் சிறப்பு. 'பேக்கி' என்று சுவைஞர் எழுதினால் உலர்த்தியின் சூடு மிஞ்சி, ஈரம் மிக வேகமாக வெளியேறிவிட்டது. 'ஸ்டியூட்' என்றால் அதற்கு மறுதலை: சூடும் காற்றோட்டமும் போதாமல் இலை உலர்த்திக்குள்ளேயே அவிந்திருக்கிறது. 'ஸ்மோக்கி' என்றால் அடுப்பிலிருந்து புகை கசிகிறது. 'கிரீனிஷ்' என்றால் வாட்டலோ நொதித்தலோ குறைவு. 'சொஃப்ட்' என்றால் நொதித்தல் எல்லை தாண்டியது. சாதாரணக் கறுப்புத் தேயிலையில் 'ஃபுரூட்டி' என்ற சொல் பாராட்டாகாது. உலர்த்துமுன் நொதித்தல் மிஞ்சியதையோ, அழுக்குத் தரையிலும் பொறிகளிலும் பெருகிய பக்டீரியா இலையைத் தொற்றியதையோ அது காட்டும். இச்சொற்கள் நேரே தொழிற்சாலைக்குத் திரும்பிச் செல்கின்றன. அங்கே தேயிலை செய்பவர் மறுநாளே உலர்த்தியின் சூட்டைக் குறைக்கலாம், அடுப்பின் வெடிப்பை அடைக்கலாம்.

பிரான்சின் ஷாம்பேன் பிரதேசத்து நுரைமதுவுக்கு எழுதப்படும் சுவைக் குறிப்புகள் வேறு திசையில் போகின்றன. வாங்குவோரை நோக்கி எழுதப்படுவதால் அவை பழங்கள், பூக்கள், சுட்ட பாண் என்று பழக்கமான பொருள்களைத் துணைக்கழைக்கின்றன. இவ்வகைச் சொற்களை ஒழுங்குபடுத்த 1984 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆன் நோபிள் வாசனைச் சக்கரம் ஒன்றை அமைத்தார். ஆனால் கண் காண்பதை மூக்கு எவ்வளவு எளிதில் நம்பிவிடும் என்பதை 2001 இல் பிரெஞ்சு ஆய்வாளர்களான மொரோ, புரோஷே, டுபூர்டியூ ஆகியோர் காட்டினர். வெள்ளை மதுவில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து 54 மாணவர்களிடம் கொடுத்தபோது, அவர்கள் சிவப்பு மதுவுக்குரிய சொற்களாலேயே அதன் வாசனையை விவரித்தனர். தேயிலைச் சுவையறையும் இந்த வலையிலிருந்து முற்றிலும் தப்பியதன்று. சுவைஞரும் சாயத்தைக் கண்ணால் பார்த்த பின்னரே சுவைக்கிறார். ஆயினும் பேக்கி என்ற சொல்லைத் தொழிற்சாலையின் வெப்பமானியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். சரிபார்க்க முடிந்த சொல் என்பதால் தேயிலையின் குறிப்பு அறிவியலுக்கு ஒருபடி நெருங்கி நிற்கிறது.

இத்தனை அறிவும் பொதியின் மேல் அச்சாகும்போது பெரும்பகுதி உதிர்ந்துவிடுகிறது. பொதியில் பெரிதாகத் தெரிவது பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட், ஓ.பி., பெக்கோ போன்ற எழுத்துகள். பலரும் இவற்றைத் தர வரிசை என்று எண்ணுகின்றனர். உண்மையில் இவை சல்லடையின் கண் அளவையும் இலையின் தோற்றத்தையும் குறிப்பவை. துகள் சிறுத்தால் சாயம் விரைவில் இறங்கும்; அதனால்தான் தேநீர்க் கடைகளில் டஸ்ட் விலைபோகிறது. நல்ல தோட்டத்து டஸ்ட், மோசமான தோட்டத்து ஓ.பி.யை எளிதில் வெல்லும்.

அடுத்தது பிரதேசம். நுவரெலியா, டிம்புள, ஊவா, உடப்புசல்லாவ, கண்டி, ருகுண, சப்ரகமுவ என ஏழு பிரதேசங்கள் இலங்கைத் தேயிலைக்கு வகுக்கப்பட்டிருக்கின்றன. 600 மீட்டர் வரை தாழ்நிலம், 1,200 மீட்டர் வரை மத்திய நிலம், அதற்கு மேல் உயர்நிலம் என்ற பிரிவும் உண்டு. நாட்டின் விளைச்சலில் பாதிக்கும் மேல் தாழ்நிலத் தேயிலையே. கறுத்து முறுக்கிய அதன் இலைக்கும் அடர்ந்த சாயத்துக்கும் ஈராக் முதலிய மேற்காசிய நாடுகளில் நீண்டகாலச் சந்தை உள்ளது. 1976 இல் தொடங்கிய இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்க முத்திரை, பொதிக்குள் இருப்பது முழுவதும் இலங்கைத் தேயிலை என்பதற்கும் அது இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டது என்பதற்கும் உறுதி. எந்த மாதத்துக் கொழுந்து என்பதை அந்த முத்திரை சொல்லாது.

ஷாம்பேனிலும் பெரும்பாலான போத்தல்களில் வருடம் இராது. பல வருடத்து மதுக்களைக் கலந்து, வருடந்தோறும் ஒரே சுவையை நிலைநிறுத்துவதே அங்கு வழக்கம். அப்படிப்பட்டது போத்தலில் அடைத்த பின் குறைந்தது 15 மாதம் முதிர வேண்டும். ஒரு வருடத்தைப் பொறிக்க வேண்டுமானால் திராட்சை முழுவதும் அந்த வருடத்து அறுவடையாக இருக்க வேண்டும். முதிர்வுக் காலம் 3 வருடமாக நீள்கிறது. வெளிநாடுகளில் விற்கும் தேயிலையும் பெரும்பாலும் கலவையே. கலப்பவர் பல தோட்டங்களையும் பல மாதங்களையும் சேர்த்து, கடைக்காரர் வருடம் முழுவதும் ஒரே சுவையை விற்க வழிசெய்கிறார். ஊவாப் பருவத் தேயிலை அக்கலவைக்குள் சிறு பங்காகச் சேர்ந்து, வாசனையைத் தந்துவிட்டுப் பெயரை இழக்கிறது. ஜப்பானிலும் ஜெர்மனியிலும் அதைத் தனியே தேடி வாங்குவோர் இருப்பதால்தான் தோட்டப் பெயரோடு விற்கும் வழக்கம் பிழைத்திருக்கிறது.

பருவத்தைப் பொதியில் சொல்வது முடியாத காரியமன்று என்பதற்கு டார்ஜிலிங் சான்று. 2004 இல் இந்தியாவின் முதலாவது புவிசார் குறியீட்டைப் பெற்ற அந்தத் தேயிலை, முதற்பறிப்பு, இரண்டாம் பறிப்பு என்ற பெயர்களாலேயே விலைபோகிறது. மார்ச், ஏப்ரலில் வரும் முதற்பறிப்பு வெளிறியது, பச்சை வாசனை உடையது. மே, ஜூனில் வரும் இரண்டாம் பறிப்பில் 'மஸ்கட்டல்' என்று புகழ்பெற்ற திராட்சை வாசனை. சாறுறிஞ்சும் தத்துப்பூச்சிகள் இலையைக் கடிப்பதும் அதற்கு ஒரு காரணம். கொழும்பு ஏலத்திலும் தகவலுக்குக் குறைவில்லை. ஒவ்வொரு தொகுதிக்கும் தோட்ட மார்க்கும் இன்வொய்ஸ் எண்ணும் உண்டு. எந்தத் தொழிற்சாலையில், ஏறத்தாழ எந்த வாரத்தில் செய்யப்பட்டது என்பது தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும். 2020 ஏப்ரலில் ஏலம் இணையவழிக்கு மாறிய பின் இவை கணினியிலேயே கிடக்கின்றன. பறித்த மாதத்தைப் பொதியில் அச்சிடப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. அந்த ஒரு வரி, சுவையையும் அதை விளைவித்த காற்றையும் பறித்த கைகளையும் வாங்குவோருக்குத் தெரியப்படுத்தும். அதை மறைத்து வைப்பதில் எவருக்கும் நியாயமான பலன் இல்லை.

கறுப்புத் தேயிலைக்கு வருடத்தைவிட மாதமே முக்கியமாவதற்கு வேதியியல் காரணமும் இருக்கிறது. சீனாவின் பூஅர் தேயிலை வருடக்கணக்கில் முதிர்ந்து விலையேறும். ஊவாத் தேயிலையில் வாசனைப் பொருள்கள் ஆவியாகிப் போகும். தியாஃபிளேவினும் மெல்லக் குறையும். பொதியிலுள்ள திகதி பொதி செய்த நாளையும் காலாவதி நாளையும் மட்டும் காட்டுகிறது; அதற்கு முன் தேயிலை களஞ்சியத்தில் எவ்வளவு நாள் கிடந்தது என்பது அதில் இல்லை. கடற்கரை ஊர்களில் இது கூடுதல் சிக்கல். 3 சதவீத ஈரத்தோடு வெளியேறிய தேயிலை உப்புக்காற்றில் திறந்திருந்தால் ஈரத்தை வேகமாக உறிஞ்சும். 7 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சண நாற்றம் தொடங்கும். அது பிற வாசனைகளையும் பிடித்துக்கொள்ளும். சில்லறைக் கடையில் கருவாட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் பக்கத்தில் திறந்த சாக்கில் வைத்த தேயிலையைச் சுவைஞர் குடித்தால் 'டெயின்ட்' என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுவார். இறுக மூடும் தகரப் பேணியும் இருண்ட அலுமாரியும் இதற்குப் போதுமான காவல்.

கடைசியாக நீர். மணற்பாங்கான கரையின் கிணறுகளில் கல்சியமும் பைகார்பனேற்றும் கூடுதலாக இருக்கும் இடங்களில் தேத்தண்ணியின் மேல் மெல்லிய படலம் மிதக்கும். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் மைக்கேல் ஸ்பிரோவும் ஜகன்யியும் 1993 இல் இதை ஆராய்ந்தனர். கல்சியமும் பைகார்பனேற்றும் இருக்க, தேநீரின் கரிமப் பொருள்கள் காற்றின் ஒட்சிசனால் நீர்ப்பரப்பில் மாற்றமடைந்து படலமாகின்றன என்று அவர்கள் கண்டனர். தேசிக்காய்ச் சாறு சில துளி விட்டால் புளிப்பு அதைத் தடுக்கும். சாயத்தின் நிறமும் வெளுக்கும். பைகார்பனேற்று மிகுந்த நீரில் ஊவாவின் பொன்சிவப்பு மங்கிக் கருஞ்சிவப்பாகும், துடிப்பும் அடங்கும். ஒரே பொதி பண்டாரவளையில் ஒரு சுவையும் பாலமுனையில் வேறு சுவையும் தருவது இதனாலேயே. ஐ.எஸ்.ஓ. 3103 இதையும் கணக்கில் எடுத்துள்ளது: தேயிலையைச் சோதிக்கும் நீர், அது குடிக்கப்படப்போகும் ஊரின் நீரை ஒத்திருக்க வேண்டும் என்கிறது அந்தத் தரம்.